பதினோரு விமானங்களுக்குப் பெயின்ட் அடித்தவள்

கண்ணா,

நலமா, சாப்பிட்டாயா என்று விசாரித்துவிட்டு ஆரம்பிக்க எனக்குப் பொறுமை இல்லை. மூன்று நாள் முன்புதான் போனில் ஒரு மணி நேரம் பேசினோம். நீ சௌக்கியம், நந்தினி சௌக்கியம், மண்டபத்துக்காரன் மட்டும்தான் சரியில்லை. கல்யாணத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. அது முடிந்த மறுவாரம் வைட்ஃபீல்ட் ஃபிளாட்டில் பால் காய்ச்சுகிறீர்கள். ஹாலில் தச்சர் கண்ணாடி அலமாரி செய்து முடித்துவிட்டார், உள்ளே விளக்குகூடப் போட்டாயிற்று என்று சொன்னாய். அதில் அப்பாவின் பதினோரு விமானங்களையும் வரிசையாக வைத்து, கீழே பித்தளைத் தகட்டில் அவர் பெயரைப் பொறிக்கப் போவதாகச் சொன்னாய். "ஒண்ணுகூட உடையாம பேக் பண்ணி வைம்மா. ஞாயித்துக்கெழம டெம்போ அனுப்பறேன். அப்பாவோட உழைப்பும்மா அது" என்றாய். நான் சரி என்று சொல்லி போனை வைத்தேன். உள் அறையில் உன் அப்பா தன் பழைய சிநேகிதர்களுக்கு ஒவ்வொருவராக போன் போட்டு, பால் காய்ச்சும் அன்று வந்து அலமாரியைப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பு சமையலறை வரைக்கும் கேட்டது.

இந்தக் கடிதம் அந்தச் சிரிப்புக்காகத்தான். அந்தப் பதினோரு விமானங்களுக்கும் பெயின்ட் அடித்தது நான். இறக்கையின் பச்சை, வயிற்றுப் பக்கத்து வெளிர் நீலம், டயரின் கறுப்பு, உள்ளே உட்கார்ந்திருக்கும் சுண்டுவிரல் நகம் அளவு பைலட்டின் புருவம், எல்லாம் நான். உன் அப்பா வெட்டினார், ஒட்டினார். ஒட்டியதிலும் பாதியை நான்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து நேராக்கினேன். இருபத்தொரு வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாமலே போய்விடலாம் என்றுகூட நினைத்திருந்தேன். பித்தளைத் தகடு என்று நீ சொன்னதும் வயிறு எரிந்தது. எரிந்தது என்றே எழுதுகிறேன், அம்மாவுக்கு வயிறெரியக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஆரம்பித்தது இது. விமானப்படையில் சேரப் போய், கண் பரிசோதனையில் தோற்றுத் திரும்பிய கதையை உன் அப்பா உனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். பறக்க முடியாதவர் இன்ஷூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்தார். ஒருநாள் ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் அவரைக் கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பொம்மைக் கடைக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்து ஒரு பெட்டியோடு வந்தார். பெட்டியின் மேல் மேகத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு விமானம் பறந்தது. உள்ளே பார்த்தால் சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் சட்டங்கள், அவற்றில் காய்த்துத் தொங்குவது போல் துண்டு துண்டாக இறக்கை, வால், சக்கரம். அவற்றை ஒவ்வொன்றாக வெட்டி, ஒட்டி, காயவைத்து, பெயின்ட் அடிக்க வேண்டும். அந்த ஞாயிறு முழுக்க ஒட்டினார். மறுநாளே பெயின்டையும் எடுத்தார். வீட்டுக் கேட்டுக்கு அடிப்பது போல் அப்பினார். ஒட்டிய இடமெல்லாம் அவர் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது, அதன் மேல் பச்சை வழிந்தது. கோபத்தில் அதைக் குப்பைக் கூடையில் வீசிவிட்டு ஆபீசுக்குப் போனார்.

நான் அதை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றுகூட யோசிக்கிறேன். கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். என் கையைப் பற்றி உனக்கு எதுவும் தெரியாது. அம்மா வாட்ச் ஃபேக்டரியில் வேலை செய்தாள், ஃபேக்டரி பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தாள் என்ற அளவுதான் உனக்குத் தெரியும். நான் இருந்தது டயல் பிரிவு. எண்களில் தேய்ந்த இடம், முள்ளின் நுனியில் பெயின்ட் விட்டுப்போன இடம், இவற்றைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து மூன்றே மூன்று மயிர் உள்ள தூரிகையால் சரி செய்வது என் வேலை. மூச்சை வெளியே விட்டு முடித்து, அடுத்த மூச்சு உள்ளே வருவதற்குள் ஒரு கோடு. மூச்சு உள்ளே வரும்போது கை வைத்தால் கோடு ஆடும். பதினான்கு வருஷம் நான் அப்படி மூச்சை விட்டுவிட்டுத்தான் சோறு சம்பாதித்தேன். காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும், மூன்று மணிக்கு ஈஜிபுரா வீட்டில் இருப்பேன், நீ பள்ளிக்கூடத்திலிருந்து வர நாலரை ஆகும். அந்த ஒன்றரை மணி நேரத்தில், ஒரு வாரத்தில், அந்தக் குப்பைக் கூடை விமானத்தைப் பெட்டியின் மேல் இருந்த படம் போல ஆக்கிவிட்டேன்.

உன் அப்பா அதைப் பார்த்துத் துள்ளினார். உண்மையிலேயே சந்தோஷப்பட்டார், அதை நான் மறுக்கவில்லை. காக்ஸ் டவுனில் ராவ் என்று ஒரு ரிட்டயர்டு ஆசாமி வீட்டில், மாதம் ஒரு ஞாயிறு, இந்தப் பைத்தியம் பிடித்த ஆறேழு பேர் கூடுவார்கள். அங்கே எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது முகம் பளபளவென்று இருந்தது.

"அசந்துட்டாங்க தெரியுமா? முதல் விமானத்துலயே இப்டி ஃபினிஷிங்கான்னு கேட்டாங்க."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"என்னத்த சொல்றது? தேங்க்ஸ்னேன்."

"நான் பண்ணேன்னு சொல்லல?"

"அவங்க கேக்கலியே. கேக்காதத எதுக்குச் சொல்லிக்கிட்டு? பொண்டாட்டி கிட்ட குடுத்து அடிச்சிட்டு வரான்னு சிரிப்பாங்கடி. நமக்குள்ள இருக்கட்டும். பையனுக்குக்கூடத் தெரிய வேணாம், அவன் போயி எங்கயாச்சும் ஒளறிடுவான்."

நான் தலையாட்டினேன். என் முதல் தப்பு அது. யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. ஆறேழு ஆண்கள் அசந்தார்கள் என்று கேட்டதே எனக்கு அன்றைக்குப் போதுமாக இருந்தது. புகழ் சுற்றி வளைத்து வந்தாலும் புகழ்தானே என்று நினைத்த முட்டாள் நான். "ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று பழமொழி சொல்வார்களே, உன் அப்பாவுக்கு இரண்டுமே வீட்டிலேயே கிடைத்துவிட்டது.

அடுத்த நான்கு வருஷத்தில் பத்து விமானங்கள் வந்தன. பெட்டி வாங்குவது அவர், ஒட்டுவது அவர், பெருமைப்படுவது அவர். ஒருமுறை சைக்கிள் கடையில் விற்கும் உடனே ஒட்டும் பசையை வைத்து, பைலட் உட்காரும் இடத்துக் கண்ணாடி மூடியை ஒட்டிவிட்டார். அந்தப் பசையின் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளையாகப் பனி பூத்துவிட்டது. இரண்டு நாள் சாப்பிடவில்லை மனுஷன். நான் பெயர்த்தெடுத்து, பல் பொடிக்குப் பதிலாக வாங்கி வைத்திருந்த வெள்ளை டூத் பேஸ்ட்டைத் துணியில் தொட்டு மூன்று மத்தியானம் தேய்த்துப் பளிங்காக்கினேன். பச்சையும் சாம்பலும் சேரும் இடத்தில் ஓரம் மெத்தென்று கலக்க வேண்டும், கத்தி வைத்து வெட்டியது போல் இருக்கக் கூடாது. அதற்கு மைதா மாவைப் பிசைந்து கயிறு போலத் திரித்து இறக்கையின் மேல் வளைத்து வைத்துவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தெளித்தேன். துப்பாக்கி வாயில் புகை படிந்தது போல் கறுப்பு வேண்டும் என்றால் என் கண்மை டப்பாவிலிருந்து தொட்டுத் தேய்த்தேன். அதைக் காட்டி உன் அப்பா காக்ஸ் டவுனில், லண்டனிலிருந்து ஒரு சிநேகிதர் தனிப் பவுடர் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். என் கண்மைக்கு லண்டன் விலாசம்! அப்போதுகூடச் சிரித்துக்கொண்டேன். சிரிக்கும் காலம் ஒன்று இருந்தது என்று நீ தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன்.

நீ ஆறாவது படிக்கும்போது அந்தக் கூட்டத்தை நம் வீட்டில் வைத்துக்கொண்டார். உனக்கு ஞாபகம் இருக்கும், பாயையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்கினோம். நான் கேசரிபாத்தும் வடையும் செய்தேன். பதினோரு விமானங்களும் மேஜை மேல் இருந்தன. ராவ் சார் ஒன்றைக் கையில் எடுத்து, இறக்கைத் தகடுகளின் இணைப்புக் கோட்டில் இவ்வளவு மெல்லிசாகக் கறுப்பு இறங்கியிருக்கிறதே, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். உன் அப்பா தைரியமாக, பேனாவால் வரைந்தேன் என்று சொன்னார். காபித் தட்டோடு நின்றிருந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேனாவா! கறுப்பு பெயின்டை டர்பென்டைனில் தண்ணீர் மாதிரிக் கரைத்து, கோட்டில் ஒரு சொட்டு வைத்தால் அதுவே ஓடிப்போய் நிரம்பும், மிச்சத்தைத் துணியால் துடைக்க வேண்டும். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். ராவ் சார் என்னைப் பார்த்து, "ஏம்மா, நீங்களும் கூட ஹெல்ப் பண்றதுண்டா?" என்று தமிழில் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா முந்திக்கொண்டார். "அய்யோ சார், இவளா? இவள அந்த அலமாரி பக்கமே விடமாட்டேன். தூசி தட்டச் சொன்னா எறக்கைய ஒடச்சி வெச்சிடுவா. வடை தட்டச் சொல்லுங்க, அது கரெக்டா ரவுண்டா வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். வடைத் தட்டை வாங்கிக்கொண்டே சிரித்தார்கள். நீயும் சிரித்தாய், கண்ணா. அப்பாவின் நாற்காலிக் கையில் உட்கார்ந்துகொண்டு, பல் விழுந்த வாயோடு, எல்லோரையும்விட ஒரு கணம் கூடுதலாகச் சிரித்தாய். பதினோரு வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தம் மட்டும் காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

பிறகு ராவ் சார் காலி டம்ளரைக் கொண்டுவந்து கொடுக்கும் சாக்கில் சமையலறைக்கு வந்தார். என் கையைப் பார்த்தார். கட்டைவிரல் நகத்துக்கு அடியில் பச்சை அப்பியிருந்தது, எவ்வளவு தேய்த்தாலும் போகாத எனாமல் பச்சை. "அம்மா, இது நிம்ம கை கெலசா அல்வா?" என்று, இது உங்கள் கைவேலைதானே என்று, குரலைத் தாழ்த்திக் கன்னடத்தில் கேட்டார். கேட்டுவிட்டாரே ஒருவர்! நான் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, "இல்ல சார், கேட்டுக்கு அடிச்சேன்" என்றேன். நம் வீட்டில் கேட்டே கிடையாது, மாடி வீடு. அவர் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். புருஷனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தேனா, பயமா, எதுவோ. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அன்றைக்கு அந்த எச்சில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, இந்த மனுஷனை ஊர் பார்க்க ஒருநாள் கவிழ்ப்பேன் என்று முடிவு செய்தேன்.

சந்தர்ப்பம் மூன்றே மாதத்தில் வந்தது. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் இந்தக் கூட்டத்தார் சேர்ந்து கண்காட்சி வைத்தார்கள். மெட்ராஸிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள் என்று உன் அப்பா தரையில் நிற்கவில்லை. அதற்காகச் செய்தது பன்னிரண்டாவது விமானம், ஹண்டர். நம் விமானப்படை ஓட்டியது. ஆனால் இறக்கையிலும் உடம்பிலும் ஒட்டும் வட்டச் சின்னம், அந்தச் சக்கரம், பெட்டியில் இங்கிலீஷ்காரனுடையதுதான் ஸ்டிக்கராக வந்தது, நம்முடையது இல்லை. நம் சக்கரம் வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. ஆறு சக்கரங்களையும் நான் காம்பஸ் வைத்துக் கையாலேயே வரைந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அது. டயல் பிரிவில் இருந்த என் சூப்பர்வைசர் பார்த்திருந்தால் அழுதிருப்பார். செய்யும்போதே அதைக் கெடுக்கப் போகிறேன் என்றும் எனக்குத் தெரிந்திருந்தது.

கெடுப்பது ரொம்ப சுலபம். எனாமல் பெயின்ட் மேலே காய்ந்தது போல் தெரியும், உள்ளே மூன்று வாரமாவது பச்சையாக இருக்கும். அதன் மேல் கார்களுக்கு அடிக்கும் என்.சி. கிளியரை அடித்தால், அதிலிருக்கும் தின்னர் கீழே இறங்கிப் பெயின்டைத் தூக்கிவிடும். ஃபேக்டரியில் சேர்ந்த முதல் வாரத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். கடைசியாக அடிக்கும் கிளியர் கோட் ஒன்றுதான் உன் அப்பா தன் கையால் செய்வது. டப்பாவைக் குலுக்கி, தலையைச் சாய்த்து, புஸ் புஸ்ஸென்று அடித்துக்கொள்வார். எது அடிக்கலாம், எப்போது அடிக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் நான்தான் சொல்வேன். கண்காட்சிக்கு முந்தின நாள் ஜே.சி. ரோடில் கார் பெயின்ட் கடையிலிருந்து ஒரு புது ஸ்ப்ரே டப்பா வாங்கி வந்தார். நான் சக்கரம் வரைந்து முடித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. டப்பாவை என்னிடம் நீட்டினார்.

"கடைக்காரன் கண்ணாடி மாரி மின்னும்னான். நாளைக்கு அங்கயே எல்லார் முன்னாடியும் அடிக்கலாம்னு இருக்கேன். அடிக்கலாம் இல்ல?"

டப்பாவைத் திருப்பி எழுத்தைப் படித்தேன். என்.சி. என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"அடிங்க" என்றேன்.

இதற்காக எனக்கு வெட்கம் கிடையாது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னபோது வாயில் கல்கண்டு போட்டது போல் இருந்தது. மறுநாள் ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். அவருக்கு ஒரே ஆச்சரியம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன், ஞாபகம் இருக்கிறதா?

ஹாலுக்குப் பின்னால் இருந்த வராந்தாவில் பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்து நிற்க, உன் அப்பா ஹண்டரை ஒரு செங்கல் மேல் வைத்து அடித்தார். அடித்தவுடன் கண்ணாடி போலத்தான் மின்னியது. கூட்டத்தில் யாரோ ஆகா என்றார். அடுத்த நிமிஷம் இடது இறக்கையில் ஒரு சின்னச் சுருக்கம் கிளம்பியது. ஆறின பாலின் ஏடு போல அது பரவியது. காவி வெள்ளையில் ஏறியது, பச்சை கிழிந்து சுருண்டது, என் ஆறு சக்கரங்களும் ஒவ்வொன்றாகக் கோணிப் போயின. கூட்டத்தில் ஒருவர், எனாமல் மேல என்.சி. அடிச்சிங்களா சார், இது சின்னப் பசங்ககூட பண்ண மாட்டாங்களே, என்றார். உன் அப்பாவின் காது சிவந்தது. என் உடம்பில் ஒவ்வொரு மயிரும் சந்தோஷப்பட்டது, கண்ணா. நான்கு வருஷத்துக் காபி டம்ளரும் வடைத் தட்டும் அந்த நிமிஷத்தில் சரியாகிப் போனது என்று நினைத்தேன்.

அப்போதுதான் அவர் திரும்பி உன்னைப் பார்த்தார். நீ வாசலில் வாங்கிய மிளகாய் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாய்.

"எண்ணெக் கையால தொட்டியாடா?"

"இல்லப்பா..."

"பொய் சொல்லாத! பெட்டியத் தூக்கினு வந்தது நீதானே? எண்ணெ பட்டாதான் இப்டித் தூக்கும்!"

அத்தனை பேர் முன்னால் பளாரென்று அறைந்தார். பஜ்ஜி செங்கல் பக்கத்தில் போய் விழுந்தது. நீ அழவில்லை. உன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய், நிஜமாகவே தொட்டுவிட்டோமோ என்று. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். நான் இரண்டு எட்டு தூரத்தில் பட்டுப்புடவையில் நின்றிருந்தேன். "அவன் இல்ல, நான்தான்" என்று மூன்று வார்த்தை. சொல்லவில்லை. சொன்னால் என்.சி. எனக்கு எப்படித் தெரியும் என்று ஆரம்பித்து எல்லாம் வெளியே வரும், அதுதானே எனக்கு வேண்டியிருந்தது? ஆனாலும் சொல்லவில்லை. அவரைக் கவிழ்த்த ருசி வாயில் இருந்தது, அதைத் துப்ப மனசு வரவில்லை. அவர் மேல் இருக்கும் கோபத்துக்குக் கொஞ்சமும் குறையாத கோபம் எனக்கு என் மேல் இருக்கிறது, அந்த ஒரு நிமிஷத்துக்காக. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். கேட்டால் நீ உடனே மன்னித்துவிடுவாய், அது எனக்கு வேண்டாம்.

இரண்டு மாதம் கழித்துப் புதுப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். "இத ஆரம்பிக்கலாம்டி" என்றார். "எனக்கு இதெல்லாம் தெரியாதே, ஒடச்சிடுவேனே" என்றேன். தானே அடித்துப் பார்த்தார், வழிந்தது, பரண் மேல் போட்டுவிட்டார். அதோடு முடிந்திருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் காக்ஸ் டவுனில் போய் என்ன சொன்னார் தெரியுமா? பையன் கை வைத்துக் கெடுத்ததிலிருந்து மனசே விட்டுப் போச்சு என்று சொன்னார். உன் சித்தப்பாவிடம் அதையே சொன்னார், உன் மாமாவிடம் அதையே சொன்னார். நீ அதை நம்பி வளர்ந்தாய். அவர் கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பாய், செருப்பை எடுத்து வைப்பாய். இன்ஜினியரிங்கில் அவர் சொன்ன பிரிவையே எடுத்தாய். நிச்சயதார்த்தத்தன்று நந்தினியின் அப்பாவிடம், "எங்கப்பா பெரிய ஆர்ட்டிஸ்ட் அங்கிள், என்னாலதான் விட்டுட்டாரு" என்று நீ சொன்னபோது உன் அப்பா பக்கத்தில்தான் இருந்தார். பெருந்தன்மையாகத் தலையசைத்தார். நான் வெற்றிலைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். இந்த அலமாரியும் நீ செய்யும் பரிகாரம்தான் என்று எனக்குத் தெரியாதா?

கல்யாணம் ஆகப் போகிற பிள்ளைக்கு அம்மா ஏதாவது சொல்ல வேண்டும் இல்லையா? ஒன்று சொல்கிறேன். நந்தினி உன் ஆபீசில் உன் அளவுக்கோ உன்னைவிடக் கூடுதலாகவோ கெட்டிக்காரி என்று கேள்விப்பட்டேன். போன மாதம் அவள் செய்துகொடுத்த எதையோ உன் மேனேஜர் பாராட்டினார் என்று நீ சொன்னாய். அவள் பெயரை அங்கே சொன்னாயா என்று நான் கேட்டதற்கு, "நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுதானேம்மா" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கப்பட்ட சிரிப்பு. நாளைக்கே போய் அவள் பெயரைச் சொல். அவள் சும்மா இருக்கிறாள் என்பதால் அவளுக்கு வலிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதே. நானும் நான்கு வருஷம் சும்மாதான் இருந்தேன்.

இனி விமானங்களைப் பற்றி. நீ போன் பண்ணி வைத்த மத்தியானமே கீழே ஹார்டுவேர் கடைக்குப் போய்க் காஸ்டிக் சோடா வாங்கி வந்தேன். துணி ஊற வைக்கும் நீலத் தொட்டியில் கரைத்து, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, பதினோரு விமானங்களையும் அதில் இறக்கினேன். காஸ்டிக் பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது, பெயின்டை மட்டும் உரித்து எடுக்கும். இதுவும் ஃபேக்டரிப் பாடம்தான். சாயங்கால நடைப்பயிற்சி முடிந்து பேப்பரோடு வந்த உன் அப்பா தொட்டியைப் பார்த்துவிட்டார்.

"ஏய்! என்னா பண்ற?"

"என் பெயின்ட்ட எடுத்துக்கறேன்."

"பைத்தியம் புடிச்சிதா உனக்கு? யாரக் கேட்டுப் பண்ற?"

"யாரக் கேக்கணும்?"

போனை எடுத்தார். உனக்குப் போட்டுச் சொல்லப் போவதாக மிரட்டினார். "போடுங்க. என்னான்னு சொல்லுவீங்க?" என்றேன். இரண்டு நம்பர் அழுத்தியவர் அப்படியே போனைக் கீழே வைத்தார். குரல் மாறிவிட்டது. "எல்லாரையும் வரச் சொல்லிட்டேன்டி. ஒண்ணே ஒண்ணயாவது விட்டுடு" என்றார்.

"விட்டுடறேன். இதுல நீங்க பெயின்ட் அடிச்சது எதுன்னு காட்டுங்க. அத எடுத்துத் தரேன்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து தொட்டிக்குள் பார்த்தார். பச்சை மேலே மிதக்க ஆரம்பித்திருந்தது. ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு அவர் கண் போயிற்று, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். விரலை மட்டும் நீட்டவில்லை. பேப்பரை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். எனக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்பாய். இருந்தது. ஆனாலும் தேய்ப்பதை நிறுத்தவில்லை. இரண்டு நாள் ஊறவிட்டு, பழைய பிரஷ்ஷால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்தேன். இறக்கையில் பச்சை இல்லை, பைலட்டுக்கு முகம் இல்லை. கடையில் வாங்கிய அன்று இருந்த அதே சாம்பல் பிளாஸ்டிக், ஒட்டிய இடமெல்லாம் பசை வழிந்து, அவர் கட்டைவிரல் ரேகையோடு. பெயின்டுக்கு அடியில் நான் தேய்க்காமல் விட்டு வைத்ததெல்லாம் இப்போது நன்றாகத் தெரிகிறது.

எல்லாவற்றையும் துடைத்து, பேப்பர் சுற்றி, பெட்டியில் வைத்துவிட்டேன். உன் டெம்போ வரும்போது தயாராக இருக்கும். ஒன்றுகூட உடையவில்லை, நீ கேட்ட மாதிரியே. நான் கல்யாண மேடையில் நிற்க வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் வெளிப்படையாகச் சொல், கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டுவிட்டுப் போகிறேன். ஆனால் பால் காய்ச்சும் அன்று வருவேன். விமானங்களை அலமாரியில் வை, விளக்கையும் போடு, உன் அப்பாவின் பெயரையும் தாராளமாகப் போடு, அது அவர் வேலைதான். ராவ் சாருக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல் இருக்கும், மகன் காரில் கூட்டி வருகிறாராம். இந்த விமானங்களின் கலரெல்லாம் எங்கே போயிற்று என்று அவர் கட்டாயம் கேட்பார். நீ குறுக்கே பேசாதே. உன் அப்பா பதில் சொல்லட்டும். நான் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

அம்மா